ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஏழா?

"இயேசு ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கையில் எடுத்தார். மொத்தம் எத்தனை?" ஆறு வயதுக் குழந்தைக்கான பாடத்தாள் ஒன்றில் காணப்படும் கணக்கு இது. தாளின் உச்சியில் ஒரு விவிலிய வசனம். ஓரத்தில் ஒரு கூடையின் படம். அடியில் விடை எழுதக் கட்டம். குழந்தை 'ஏழு' என்று எழுதுகிறது. எவை ஏழு? அப்பங்களா, மீன்களா? இனமொத்தவற்றையே கூட்ட வேண்டும் என்பது எண்கணிதத்தின் அரிச்சுவடி. 'உணவுப் பொருள்கள் ஏழு' என்று சமாதானம் கூறலாம். ஆனால் எந்த நற்செய்தியாளரும் அவற்றைக் கூட்டவில்லை. மத்தேயுவும் மாற்கும் ஏழு அப்பங்களைப் பற்றிப் பேசுவது நாலாயிரம் பேருக்கு உணவளித்த வேறொரு நிகழ்ச்சியில்! ஆக, இந்த ஒரே தாளில் கணிதமும் கெட்டது, நற்செய்தியும் குழம்பியது. இதற்குக் 'கிறிஸ்தவக் கணிதம்' என்று பெயர். பாடங்களை ஒன்றோடொன்று இணைத்துக் கற்பிக்கும் முறையாம் இது.

அமெரிக்காவில் குடியேறியுள்ள நம் மறைமாவட்டக் குடும்பம் ஒன்று இத்தகைய தாள்கள் சிலவற்றை நமக்கு அனுப்பி, "இவ்வழியில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கலாமா?" என்று கேட்டிருந்தது. கேள்வி சிறிதன்று. அந்நாட்டில் பெற்றோர் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் இல்லத்திலேயே கற்பிப்பது 1993-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் சட்டப்படி ஏற்கப்பட்டுவிட்டது. கத்தோலிக்கர் பலர் அவ்வழியை மேற்கொண்டுள்ளனர். அவர்களுள் ஒரு சாரார் 'செவ்வியல் கல்வி' என்னும் பழைய முறைக்குத் திரும்ப விழைகின்றனர். இடைக்காலப் பள்ளிகளில் வழங்கிய இலக்கணம், தருக்கம், சொற்கலை என்னும் முவ்வழியும், எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானியல் என்னும் நால்வழியும் அவர்களது இலட்சியம். டோரதி சேயர்ஸ் என்னும் ஆங்கிலேய எழுத்தாளர் 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய ஓர் உரை இதற்கு விதையாயிற்று. லோரா பெர்க்விஸ்ட் என்னும் கத்தோலிக்கத் தாய் 1994-இல் வெளியிட்ட பாடத்திட்ட வழிகாட்டி பல இல்லங்களுக்கு ஏணியாயிற்று.

பெற்றோரின் இந்த உரிமையோடு நமக்கு வழக்கு ஏதுமில்லை. பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையில் எடுத்துரைத்தது; திருச்சபைச் சட்டத்தின் 793-ஆம் எண்ணும் பெற்றோரின் கடமையையும் உரிமையையும் நிலைநாட்டுகிறது. இவர்கள் எதிர்த்துப் புறப்பட்ட நோயும் உண்மையானதே. இன்றைய பள்ளியில் ஒன்பது மணிக்கு வேதியியல், பத்து மணிக்கு வரலாறு, பதினொன்றுக்கு மொழிப்பாடம். ஒரு பாடத்துக்கும் மறு பாடத்துக்கும் இடையே ஒலிப்பது மணியோசை ஒன்றே. நம் ஊர்ப் பள்ளிகளில் மட்டும் என்ன வாழ்கிறது? மறைக்கல்வியை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கி, தேர்வும் வைத்துப் பரிசும் கொடுத்து, அதையும் இன்னொரு பாடமாக்கிவிட்டோம்.

2019-இல் புனிதராக உயர்த்தப்பட்ட கர்தினால் நியூமன், 1852-இல் டப்ளினில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இதைத்தான் எச்சரித்தார். அறிவுத் துறைகள் யாவும் ஒரே முழுமையின் உறுப்புகள். ஒன்றை வெட்டி எறிந்தால் அவ்விடம் வெறுமையாக இராது, மற்றத் துறைகள் அங்கே அத்துமீறிக் குடியேறும் என்பது அவரது வாதம். இறையியலைத் துரத்திய இடத்தில் பொருளாதாரம் அறநூலாகவும் உயிரியல் தத்துவமாகவும் வேடமிடுவதை நாம் அன்றாடம் காண்கிறோம் அல்லவா? ஆகவே இணைப்பு வேண்டும் என்பதில் இரு கருத்து இல்லை. எத்தகைய இணைப்பு என்பதில்தான் வழக்கு.

பாடத்தாளின் உச்சியில் வசனத்தை அச்சிடுவது இணைப்பு அன்று, ஒட்டு. நோவாவின் பேழை நீளம் முந்நூறு முழம், அகலம் ஐம்பது, உயரம் முப்பது. அதன் கொள்ளளவு என்ன என்று கேட்பது இவர்களுக்கு மிகவும் பிடித்த பயிற்சி. பெருக்கினால் நாலரை இலட்சம் கன முழம். பிள்ளை பெருக்கக் கற்றது, சரி. பேழையைப் பற்றி என்ன கற்றது? அதே கணக்கைத் தானியக் கிடங்கை வைத்தும் போட்டிருக்கலாம். கணக்குக்கு ஒரு குறையும் நேர்ந்திராது. இறைவார்த்தையோ எண்கள் பொறுக்கும் களமாகச் சிறுத்துப்போயிற்று. எங்கே வைத்தாலும் பொருந்துவது எங்கேயும் இணைந்ததாகாது.

இதில் இறையியல் பிழை ஒன்றும் ஒளிந்துள்ளது. ஒரு துறை தன்னளவில் நல்லதன்று, வசனம் தெளித்தால்தான் அது தூய்மை பெறும் என்னும் எண்ணம் அது. படைக்கப்பட்டவற்றுக்கு அவற்றுக்கே உரிய விதிகளும் மதிப்பும் உண்டு என்றும், அவற்றை அவ்வத் துறையின் முறைப்படியே ஆராய வேண்டும் என்றும் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 36-ஆம் எண்ணில் கற்பிக்கிறது. அவ்விடத்தில் அடிக்குறிப்பாகக் கலிலேயோவைப் பற்றிய நூல் ஒன்றைச் சுட்டியிருப்பது தற்செயல் அன்று. புனித தோமா அக்குவினாரும் தம் இறையியல் தொகுப்பின் முதற்கேள்வியிலேயே, பிற துறைகளின் அடிப்படைகளை எண்பிப்பது இறையியலின் வேலை அன்று என்று வரம்பு கட்டுகிறார். அவற்றின் முடிவுகளைச் சீர்தூக்குவது மட்டுமே அதற்கு உரியது. குருமடத்தில் முதலாண்டில் படித்த இந்தப் பாடத்தை நம்மவரே மறந்துபோவது வியப்புத்தான்.

புனித அகுஸ்தினார் 153 மீன்களுக்குக் கணக்குச் சொல்லவில்லையா என்று ஒருவர் கேட்கக்கூடும். சொன்னார். ஒன்று முதல் பதினேழு வரையுள்ள எண்களைக் கூட்டினால் 153 வரும் என்று காட்டி, அதிலிருந்து மறைபொருள் ஒன்றை விரித்தார். ஆனால் அவர் அங்கே போதித்தது மறையுரை. கூட்டல் பாடம் அன்று. அதே அகுஸ்தினார் தொடக்கநூலுக்கு எழுதிய விரிவுரையில், விண்மீன்களைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் ஒன்றும் அறியாத கிறிஸ்தவன் விவிலியத்தை மேற்கோள் காட்டிப் பிதற்றினால், பிற சமயத்தார் நகைப்பதோடு உயிர்த்தெழுதலைப் பற்றியும் நம்மை நம்பமாட்டார்களே என்று வருந்துகிறார். நம் அச்சமும் அதுவே. வசனம் ஒட்டிய அறிவியலோடு பதினெட்டு வயதில் கல்லூரி செல்லும் பிள்ளையிடம், பேராசிரியர் ஒருவர் அந்த அறிவியலில் பிழை காட்டினால் என்ன ஆகும்? ஒட்டியது உரியும், உரியும்போது தாளையும் கிழித்துக்கொண்டு போகும். பிள்ளை இழப்பது ஒரு பாடநூலை மட்டும் அன்று.

இன்னொரு முறை உண்டு. இது சற்று நாகரிகமானது. எல்லாப் பாடங்களையும் வரலாற்றின் காலக்கயிற்றில் கோப்பது. ஜெசி வைஸும் அவர் மகள் சூசன் வைஸ் பாவரும் 1999-இல் வெளியிட்ட புகழ்பெற்ற வழிகாட்டி நூல் இவ்வாறே அமைந்தது. பழங்கால வரலாறு படிக்கும் ஆண்டில் உயிரியல், இடைக்காலத்தில் வானியலும் நிலவியலும், அதன்பின் வேதியியல், தற்காலத்தில் இயற்பியல். உழைப்பாளிகளின் நூல் அது; ஒழுங்கு கற்பிக்கிறது; வசனம் ஒட்டும் குற்றம் அதில் இல்லை. ஆனால் எகிப்தியரைப் படிக்கும் ஆண்டில் தவளையை அறுத்துப் பார்ப்பதால் தவளைக்கும் பார்வோனுக்கும் உறவு உண்டாகிவிடுமா? (விடுதலைப் பயண நூலின் தவளைகளை யாரும் நினைவூட்ட வேண்டாம்.) அருகருகே வைப்பது வேறு, ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாவது வேறு. ஒரே தெருவில் குடியிருப்போர் எல்லாரும் உறவினர் ஆகார்.

பின் மெய்யான இணைப்பு எங்கே உள்ளது? நாம் கட்டவேண்டிய அவசியமின்றி, பொருள்களிடையே அது ஏற்கெனவே இருக்கிறது. ஒரு பொருளை இறுதிவரை விசாரித்துச் சென்றால் பல துறைகளின் கதவுகளைத் தட்ட நேர்கிறது. இதைச் சொல்லி விளங்கவைப்பதைவிட ஒரு சான்றால் காட்டுவது எளிது. கிறிஸ்தவக் குடும்பத்துக்கு உயிர்ப்புப் பெருவிழாவைவிட அணுக்கமான சான்று வேறென்ன?

கிறிஸ்து பிறப்பு ஆண்டுதோறும் டிசம்பர் 25-இல் அசையாமல் நிற்க, உயிர்ப்பு விழா மட்டும் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை அலைவது ஏன்? எட்டு வயதுப் பிள்ளையும் கேட்கும் கேள்வி இது. இளவேனிலில் பகலும் இரவும் சமமாகும் நாளுக்குப்பின் வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்பது விடை. விடை ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் விவிலியம் உண்டு. ஆண்டவர் பாடுபட்டது யூதரின் பாஸ்காக் காலத்தில். பாஸ்கா நிலவின் கணக்கில் அமைந்தது. வானியல் உண்டு: ஞாயிற்றின் ஆண்டும் திங்களின் மாதமும் ஒன்றுக்கொன்று ஈவாக வகுபடாதவை. கணிதமும் உண்டு: அவ்விரண்டையும் இணங்கவைக்கப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு 235 நிலவு மாதங்கள் என்னும் பழைய சுழற்சியைக் கைக்கொண்டனர், வேறுபாடு இரண்டு மணி நேர அளவே. 325-இல் நிசேயா சங்கம் திருச்சபை முழுவதும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தது. 525-இல் தியோனீசியுஸ் என்னும் துறவி இதற்கு அட்டவணை வகுத்தபோதுதான், கிறிஸ்து பிறப்பிலிருந்து ஆண்டுகளை எண்ணும் வழக்கமே தோன்றிற்று. நாம் கடிதத்தின் தலையில் இன்று எழுதும் ஆண்டு எண் பாஸ்காக் கணக்கின் பிள்ளை.

கணக்குப் பிழைத்தால் குடும்பமே பிளவுபடும் என்பதற்கும் சான்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் நார்தம்பிரியாவில் மன்னர் ஓஸ்வியு ஐரிஷ் துறவிகளின் கணக்கைப் பின்பற்றினார். அரசியோ உரோமைக் கணக்கைப் பின்பற்றினார். மன்னர் நோன்பு முடித்து உயிர்ப்பு விருந்துண்ண, அரசி அதே அரண்மனையில் தவக்காலத்துக் குருத்து ஞாயிற்றில் நோன்பிருந்தாராம். 664-இல் விட்பியில் கூடிய சங்கம் இவ்வழக்கைத் தீர்த்தது. இதை நமக்கு எழுதிவைத்தவர் புனித பீட். அவரே 725-இல் காலக்கணக்கு பற்றிப் பெருநூல் ஒன்று எழுதினார். விரல்களால் எண்ணும் முறையில் தொடங்கும் அந்நூல், நிலவிலிருந்து கடல் ஏற்ற இறக்கத்துக்குச் செல்கிறது. ஒரே கரையில் துறைக்குத் துறை அலையேறும் நேரம் மாறுபடுவதையும் குறிக்கிறது. இத்தனைக்கும் பீட் பாடங்களை இணைக்கும் திட்டம் எதுவும் தீட்டவில்லை. பாஸ்கா எப்போது என்று அறிய விரும்பினார், அவ்வளவே.

கதை இங்கு முடியவில்லை. யூலியுஸ் சீசரின் நாட்காட்டி ஆண்டுக்கு 365¼ நாள் என்று கொண்டது. உண்மையான ஆண்டு அதைவிட ஏறத்தாழ 11 நிமிடம் குறைவு. பதினொரு நிமிடம் என்ன பெரிது என்கிறீர்களா? 128 ஆண்டுகளில் அது ஒரு நாளாகும். பதினாறாம் நூற்றாண்டில் சமநாள் மார்ச் 21-இலிருந்து நழுவி மார்ச் 11-க்கு வந்துவிட்டது. திருத்தந்தை 13-ஆம் கிரகோரி, மருத்துவர் லிலியுஸ் வகுத்த திட்டத்தையும் இயேசு சபைக் கணிதப் பேராசிரியர் கிளாவியுஸின் உழைப்பையும் துணைகொண்டு, 1582-இல் பத்து நாட்களை நீக்கினார். அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. அந்த இரவில்தான் அவிலா நகர்ப் புனித தெரேசா இறைவனடி சேர்ந்தார். அவர் திருநாள் அக்டோபர் 15-இல் வருவதன் காரணத்தைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், அவர்கள் கண்கள் விரியும். நானூறு ஆண்டுகளில் மூன்று லீப் நாட்களைக் கழிக்கும் விதியும் அப்போது வந்ததே. 1900 லீப் ஆண்டன்று, 2000 லீப் ஆண்டு. இங்கிலாந்து இதை ஏற்க 1752 வரை காத்திருந்தது. போப்பாண்டவர் சொன்ன நிமிடக் கணக்கை ஏற்பதற்கு 170 ஆண்டு!

இன்னும் ஒன்று. போலோஞா நகரின் புனித பெத்ரோனியோ ஆலயத்தில் 1655-இல் வானியலர் கசீனி கூரையில், தரையிலிருந்து 27 மீட்டர் உயரத்தில், சிறு துளை ஒன்று இட்டு, தரையில் ஏறத்தாழ 67 மீட்டர் நீளக் கோடு பதித்தார். நண்பகலில் ஞாயிற்றின் ஒளிவட்டம் அக்கோட்டின் மேல் விழும். அது விழும் இடத்தைக் கொண்டு சமநாளைத் துல்லியமாக அளக்கலாம். பாஸ்காவை அறியக் கட்டிய அந்தக் கருவி, கெப்ளரின் கோட்பாட்டுக்கும் ஆதரவு தேடித் தந்தது. கலிலேயோவுக்குத் தண்டனை விதிக்கப்பட்டு 22 ஆண்டுகளே கடந்திருந்தன. திருச்சபையின் வரலாற்றைப் பழிக்கவும் புகழவும் அவசரப்படுவோர் இருசாராரும் அந்தக் கோட்டின் அருகே சற்று நின்று பார்க்கலாம்.

இதில் எங்கே ஒட்டு இருக்கிறது? வானியலை எடுத்துவிட்டால் விழா நாள் தெரியாது. விவிலியத்தை எடுத்துவிட்டால் அந்தக் கணக்கைப் போடவே காரணமில்லை. கணிதம் கணிதமாகவே நிற்கிறது. பக்திக்காக ஓர் எண்ணும் வளையவில்லை. வளைந்திருந்தால் உயிர்ப்பு விழா கோடைக்கு நகர்ந்திருக்கும்.

"நாங்கள் கிளாவியுஸ் அல்லவே! சமையலுக்கும் துவைப்புக்கும் நடுவே பாடம் சொல்லும் தாய்மார்" என்று அந்தக் குடும்பத்தலைவி எழுதியிருந்தார். நியாயமான முறையீடு. ஆனால் ஒட்டு முறைதான் தாய்மாரின் முதுகை ஒடிக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு வசனம் தேடவேண்டும், இல்லையேல் குற்றவுணர்வு! நாம் சொல்வது இதைவிட எளிது. கணிதத்தைக் கணிதமாக, இலக்கணத்தை இலக்கணமாக நன்கு கற்பியுங்கள். அதற்கு மேல் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ மெய்யான கேள்விகளை மட்டும் இறுதிவரை துரத்துங்கள். திருநீற்றுப் புதனன்று பிள்ளையை வாசலுக்கு அழைத்து நிலவைத் தேடச் சொல்லுங்கள். வானம் ஏறக்குறைய இருண்டிருக்கும். தவக்காலம் எப்போதும் அமாவாசையை ஒட்டியே தொடங்கும், கணக்கு அப்படி. 2026-இல் அமாவாசை பிப்ரவரி 17, திருநீற்றுப் புதன் 18. முழுநிலவு ஏப்ரல் 2, அதுவே புனித வியாழன். நம் ஊரில் புனித வியாழன் இரவு நற்கருணை முன் விழித்திருந்துவிட்டு நிலவொளியில் வீடு திரும்பும் முதியோருக்கு இது தெரியும். அண்டை வீட்டாரின் பங்குனி உத்திரமும் பல ஆண்டுகளில் அதே நிலவில் வருவதும் தெரியும். ஏன் என்றுதான் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

சேயர்ஸ் அம்மையாரின் உரையைப் பற்றியும் ஒரு சொல். இலக்கணம் சிறுவயதுக்கு, தருக்கம் வளரிளம் பருவத்துக்கு, சொற்கலை அதற்கும் மேல் என்று அவர் முவ்வழியைக் குழந்தையின் பருவங்களோடு பொருத்தினார். சாமர்த்தியமான பொருத்தம், ஆனால் இடைக்காலப் பள்ளிகள் அவற்றை அவ்வாறு கருதவில்லை. அவை கலைகள், வயதுகள் அல்ல. ஐந்து வயதுக் குழந்தை 'ஏன்' என்று கேட்கும்போது அது தருக்கப் பருவம் அன்று என்று அதன் வாயை மூடினால், செவ்வியல் கல்வியின் பெயரால் மனப்பாடக் கல்வியே மிஞ்சும். மனப்பாடத்தின் பெருமையை நமக்கு அமெரிக்கர் வந்து சொல்லவேண்டியதில்லை.

புனித பொனவெந்தூர் கலைகள் யாவற்றையும் இறையியலுக்கு மீட்டுச் செல்லும் நூலே எழுதியுள்ளாரே என்று இறையியல் கற்றோர் மறுக்கலாம். அந்நூலை விரித்துப் பாருங்கள். தச்சனின் தொழிலைப் பற்றிப் பேசும்போது தச்சனின் மனத்தில் உருவம் எழுவதையும், கை அதைச் செய்வதையும், செய்த பொருள் பயன்படுவதையும் நோக்குகிறார். தச்சனின் உளி மேல் வசனம் பொறிக்கச் சொல்லவில்லை.

செவ்வியல் கல்வியில் உருவான இயேசு சபையினருள் நம் மண்ணுக்கு வந்து சேர்ந்தவர் வீரமாமுனிவர். 1599-இல் அச்சபை வகுத்த கல்வி நெறி அவரை வார்த்தது. அவர் தமிழுக்கு இலக்கணம் எழுதியபோது என்ன செய்தார்? தொன்னூல் விளக்கத்தில் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்று தமிழ் மரபின் ஐந்திலக்கணத்தையே முறையாக விளக்கினார். இலக்கணத்தை மதமாற்றவில்லை. தமிழைத் தமிழாகக் கற்றவரின் கையில்தான் தேம்பாவணி மூன்று காண்டமாகவும் 36 படலமாகவும் மலர்ந்தது. திருக்குறளின் அறமும் பொருளும் இலத்தீனில் பேசின. முதலில் அவர் இலக்கண ஏட்டின் ஓரத்தில் வசனம் ஒட்டத் தொடங்கியிருந்தால், தமிழ்ப் புலவர் எவரும் அவரைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள்; புனித சூசையப்பரின் காவியத்தை இன்று நாம் படித்துக்கொண்டும் இருக்கமாட்டோம்.

அந்தக் குடும்பத்துக்கு நாம் எழுதிய விடையில், வீட்டுக் கல்வியா பள்ளியா என்பதை அவர்களே செபித்து முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டோம். பாடத்தாள்களைத் திருப்பி அனுப்பிவிடுமாறு மட்டும் கேட்டுக்கொண்டோம். அவர்கள் தெருவில் கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்த கிரேக்கக் குடும்பம் ஒன்று வசிக்கிறதாம். பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவார்களாம். பாஸ்காவைக் கணிக்க இன்னும் சீசரின் நாட்காட்டியையே கொள்வோர் அவர்கள். 2025-இல் இரு வீட்டாருக்கும் ஏப்ரல் 20 ஒரே நாள். 2027-இல் நம்மவருக்கு மார்ச் 28, அவர்களுக்கு மே 2. ஐந்து வார இடைவெளி! ஒரு வீட்டில் அல்லேலூயா ஒலிக்க, அடுத்த வீட்டில் நோன்பு நடக்கும்போது, பிள்ளைகள் ஏன் என்று கேட்கத்தான் போகிறார்கள். அதற்குள் தாயும் தந்தையும் அந்தப் பதினொரு நிமிடத்தைத் தாமே ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.